கட்டும் பற்றும்

கால்பந்து ஆட்டத்தைக் குறித்து இருவர் பேசத் தொடங்கினால், பேச்சு முதலில் கோலைப் பற்றியதாக இருக்கும். பிறகு நடுவரின் தீர்ப்பைப் பற்றியதாக இருக்கும். முடிவில் பெரும்பாலும் ஒரு வழக்கில் வந்து நிற்கும். "தன்னை வளர்த்த கழகத்தை உதறிவிட்டுப் பணத்துக்காகப் பெரிய கழகத்துக்கு ஓடிவிட்டானே, இவனும் ஓர் ஆட்டக்காரனா?" என்பார் ஒருவர். "திறமை உள்ளவன் உயர்ந்த இடத்தைத் தேடிப் போகாமல் கிணற்றுத் தவளையாகவே கிடக்க வேண்டுமா?" என்பார் மற்றவர். இருவரும் உரத்த குரலில் பேசுவார்கள். இருவரிடத்திலும் ஓரளவு நியாயம் இருக்கும். அந்த வழக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மாணவ நேயர்களே, செஞ்சோற்றுக் கடன் என்ற சொல் நமக்குப் புதிதன்று. உண்ட சோற்றுக்கு உயிரையும் ஈந்த வீரனை நம் முன்னோர் போற்றினார்கள். அவனை விட்டு விலகியவனைத் தூற்றினார்கள். ஆனால் அந்தச் சொல்லைச் சற்றே பிரித்துப் பாருங்கள். அதிலே கடன் என்ற ஒன்று இருக்கிறது. கடன் வேறு, அன்பு வேறு. கடன்பட்டு நிற்பவனும் அன்பு கொண்டு நிற்பவனும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இருவருக்கும் வேற்றுமை தெரியாது. கட்டப்பட்ட மாடு கொட்டிலில் நிற்கிறது. கட்டவிழ்த்த பிறகும் கன்றை நினைந்து மாடு கொட்டிலுக்கு வருகிறது. முன்னதைப் பற்று என்று நாம் சொல்லுவதில்லை. ஓர் ஆட்டக்காரர் ஒரே கழகத்தில் பதினைந்து இருபது ஆண்டுகள் நிலைத்து ஆடினார் என்றால், அவரை நிறுத்தியது கட்டா, பற்றா? இந்தக் கேள்விக்கு விடை காணாமல் ஒருவரைப் புகழ்வதும் தவறு. மற்றொருவரை இகழ்வதும் தவறு.

இங்கிலாந்து நாட்டின் வடமேற்கே பிரெஸ்டன் என்ற ஊர் இருக்கிறது. பஞ்சாலைகளால் பெயர் பெற்ற ஊர். அவ்வூரின் கழகமான பிரெஸ்டன் நார்த் எண்ட், 1888-89-ஆம் ஆண்டில் முதன்முதலாக நடந்த லீக் போட்டியில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வெற்றி பெற்ற பெருமை உடையது. அந்த ஊரில் 1922-ஆம் ஆண்டு பிறந்தவர் டாம் ஃபின்னி. மகன் ஆட்டத்தை நம்பி வாழ்வை விட்டுவிடலாகாது என்று கருதிய தந்தை, முதலில் ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொள் என்று வற்புறுத்தினார். மகனும் தண்ணீர்க் குழாய் பொருத்தும் தொழிலைக் கற்றார். உலகப் புகழ் பெற்ற பின்னரும் அத்தொழிலை அவர் கைவிடவில்லை. சனிக்கிழமை ஆயிரக்கணக்கானோர் கைதட்ட ஆடியவர், மற்ற நாட்களில் அதே ஊரில் குழாய் பழுது பார்த்தார்.

1946 முதல் 1960 வரை லீக் போட்டிகளில் ஃபின்னி பிரெஸ்டன் கழகத்துக்காகவே ஆடினார். லீக் போட்டிகளில் வேறு கழகத்தின் சட்டையை அவர் அணியவில்லை. லீக் ஆட்டங்கள் 433. அவற்றில் அவர் போட்ட கோல்கள் 187. நாட்டுக்காக 76 ஆட்டங்களில் ஆடினார். 30 கோல்கள் போட்டார். இத்தனை திறமைக்கும் கைம்மாறாகக் கழகத்தின் வழியே அவருக்குக் கிடைத்த பெரிய பரிசுகள் யாவை என்று கேட்டால், விடை வருத்தம் தருவது. 1953-ஆம் ஆண்டில் லீக் வெற்றி, கோல் சராசரியில் மயிரிழையில் தவறி ஆர்ஸனல் கழகத்துக்குப் போயிற்று. 1954-ஆம் ஆண்டில் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இரண்டுக்கு மூன்று என்ற கணக்கில் பிரெஸ்டன் தோற்றது. ஃபின்னி ஓய்வு பெற்ற மறு ஆண்டே, 1961-இல், கழகம் முதற்பிரிவிலிருந்து கீழே இறங்கியது.

"இதோ பாருங்கள், கழகப் பற்றுக்கு இலக்கணம்!" என்று ஃபின்னியைச் சுட்டிக் காட்டுபவர் பலர். ஆனால் அவர் வாழ்வில் நிகழ்ந்த ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1952-ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டுச் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ கழகத்தின் தலைவர் ஃபின்னியை அழைத்தார். கையெழுத்திட்டவுடன் 10,000 பவுன்; மாதந்தோறும் 130 பவுன்; வெற்றிக்குத் தனிப் பரிசு; கடற்கரை ஓரத்தில் மாளிகை; ஒரு மோட்டார் வண்டி. அந்நாளில் இங்கிலாந்தில் எத்துணைப் பெரிய ஆட்டக்காரருக்கும் வார ஊதியம் 14 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி. பத்தாயிரம் பவுனைச் சேர்க்க அவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும்; அதிலும் ஒரு காசு செலவழிக்கக் கூடாது! ஃபின்னி அழைப்பைக் கழக நிர்வாகிகளிடம் எடுத்துச் சொன்னார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். அத்துடன் பேச்சு முடிந்தது. அவர் மீண்டும் பிரெஸ்டன் சட்டையை அணிந்துகொண்டு ஆடப் போனார்.

நேயர்களே, இது பற்றா, கட்டா? ஃபின்னி தம் ஊரை நேசித்தார் என்பதில் ஐயமில்லை. வாழ்நாள் முழுவதும் அவ்வூரிலேயே வாழ்ந்து, 2014-ஆம் ஆண்டில் மறைந்தார். ஆனால் 1952-ஆம் ஆண்டில் அவரை நிறுத்தியது அந்த நேசம் மட்டுமன்று. கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது. பூட்டிய வீட்டுக்குள் இருப்பவர் வெளியே போக விரும்பினாரா இல்லையா என்பதை எதைக் கொண்டு அளப்பது?

அந்தப் பூட்டு எப்படிப்பட்டது என்பதைச் சற்று விளக்க வேண்டும். இங்கிலாந்தின் லீக் அமைப்பு 1893-ஆம் ஆண்டு முதல் ஒரு முறையைக் கடைப்பிடித்தது. ஆட்டக்காரர் ஒருவர் ஒரு கழகத்தில் தம் பெயரைப் பதிந்துகொண்டால், அவருடைய ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கழகம் விரும்பினால் அவரை விடாமல் வைத்துக்கொள்ளலாம். கழகம் சம்மதித்து, மற்றொரு கழகம் அதற்குரிய மாற்றுத் தொகையைச் செலுத்தினால்தான் அவர் இடம் மாறலாம். அதுவரை வேறெந்த லீக் கழகத்துக்கும் அவர் ஆட முடியாது. 1901-ஆம் ஆண்டு முதல் ஊதியத்துக்கும் உச்ச வரம்பு விதித்தார்கள். வாரத்துக்கு 4 பவுன் என்று தொடங்கிய அந்த வரம்பு, அறுபது ஆண்டுகள் கழித்தும் 20 பவுனைத்தான் எட்டியிருந்தது. ஓர் ஆலைத் தொழிலாளி ஓர் ஆலையை விட்டு வேறோர் ஆலைக்குப் போகலாம். ஓர் எழுத்தர் ஒரு நிலையத்தை விட்டு வேறொரு நிலையத்துக்குப் போகலாம். கால்பந்து ஆட்டக்காரர் போகலாகாது.

கழகங்கள் இதற்குச் சொன்ன காரணத்தையும் கேட்டுவிடுவோம். "கட்டை அவிழ்த்துவிட்டால் செல்வமுள்ள நான்கு கழகங்கள் நல்ல ஆட்டக்காரர் அனைவரையும் வாரிக்கொண்டு போய்விடும், சிற்றூர்க் கழகங்கள் அழிந்துபோகும்" என்றார்கள். இது வெறும் சாக்கு அன்று. வணிகத்தில் எதிர்க்கடை மூடப்பட்டால் நம் கடைக்கு லாபம். ஆட்டத்தில் அப்படி இல்லை. எதிரே நின்று ஆடத் தகுந்த ஒரு குழு இருந்தால்தான் நம் குழுவின் ஆட்டத்துக்குச் சுவை உண்டு. எல்லாச் சிறு கழகங்களும் வலுவிழந்தால் பெரிய கழகத்தின் வெற்றியைப் பார்க்கவும் ஆள் வரமாட்டார்கள். ஆகவே சிறு கழகங்கள் வாழ வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அவை வாழ்வதற்கு உரிய விலையை ஆட்டக்காரர் மட்டுமே தம் உரிமையை இழந்து கொடுக்க வேண்டுமா என்பதே கேள்வி.

ஃபின்னியைப் போலவே இங்கிலாந்துக் குழுவில் பக்க முன்னணியில் ஆடியவர் ஸ்டான்லி மாத்யூஸ். மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக் நகரத்தைச் சேர்ந்தவர். முடி திருத்தும் தொழிலாளி ஒருவரின் மகன். ஸ்டோக் சிட்டி கழகமே அவரை வளர்த்தது. 1938-ஆம் ஆண்டில் அவர் வேறு கழகத்துக்குப் போக விரும்புகிறார் என்று செய்தி பரவியது. ஊர் கொதித்தெழுந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் மண்டபத்தில் கூடி, மாத்யூஸ் போகக் கூடாது என்று குரல் எழுப்பினார்கள். அவர் அப்போது போகவில்லை. போருக்குப் பின், 1947-ஆம் ஆண்டில், 11,500 பவுன் மாற்றுத் தொகைக்கு ஸ்டோக் கழகம் அவரை பிளாக்பூல் கழகத்துக்கு விட்டுக்கொடுத்தது. 1953-ஆம் ஆண்டில் பிளாக்பூல் கோப்பையை வென்றபோது அவ்வெற்றிக்குக் காரணமானவர்களுள் முதன்மையானவர் மாத்யூஸ்தான். ஸ்டோக் நகரத்தில் இருந்திருந்தால் அந்தக் கோப்பை அவர் கைக்கு எட்டியிருக்குமா என்பது ஐயமே.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1961-ஆம் ஆண்டில், தமது நாற்பத்தாறாம் வயதில், மாத்யூஸ் ஸ்டோக் கழகத்துக்குத் திரும்பி வந்தார். கழகம் அப்போது இரண்டாம் பிரிவில் தளர்ந்து கிடந்தது. சொந்தத் திடலில் அதற்கு முந்தைய ஆட்டத்தைப் பார்க்க ஒன்பதாயிரம் பேர்கூட வரவில்லை. மாத்யூஸ் திரும்பி வந்து ஆடிய நாளில் முப்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் ஸ்டோக் முதற்பிரிவுக்கு ஏறிற்று. ஐம்பது வயது நிறைந்த பின்பும், 1965-இல், அதே கழகத்துக்காகத் தம் கடைசி லீக் ஆட்டத்தை ஆடினார். விட்டுப் போனவர் பற்றற்றவர் என்று சொல்லுகிறவர்கள் மாத்யூஸை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? பிறந்த வீட்டை விட்டுப் புகுந்த வீட்டுக்குப் போன பெண் பிறந்த வீட்டை மறந்துவிட்டாள் என்று யாரும் சொல்லுவதில்லையே!

இங்கிலாந்தின் பூட்டு எவ்வாறு உடைந்தது? இருவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். ஒருவர், ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்த ஜிம்மி ஹில். வேலைநிறுத்தம் செய்வோம் என்று அச்சங்கம் உறுதியாக நின்றதன் பயனாக, 1961 ஜனவரியில் ஊதிய உச்ச வரம்பு நீங்கியது. ஃபுல்ஹாம் கழகத்தின் ஜானி ஹேய்ன்ஸ் வாரத்துக்கு 100 பவுன் பெறும் முதல் ஆட்டக்காரர் ஆனார். ஒன்றைக் கவனியுங்கள்: ஃபுல்ஹாம் பெரிய கழகமன்று. ஆயினும் ஹேய்ன்ஸ் 1970-ஆம் ஆண்டு வரை அங்கேயே ஆடினார். தம்மிடம் இருப்பவரைப் பேணத் தெரிந்த சிறு கழகமும் அவரை நிறுத்திக்கொள்ளலாம் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

மற்றவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். நியூகாஸில் யுனைடெட் கழகத்தில் ஆடிய இவர், 1960-ஆம் ஆண்டில் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு கழகத்துக்குப் போக விரும்பினார். கழகம் விட மறுத்தது. ஈஸ்ட்ஹாமும் பணியவில்லை. ஆட்டத்தையே நிறுத்திவிட்டு, நாட்டின் தென்பகுதிக்குச் சென்று தக்கை விற்கும் வேலையில் சேர்ந்தார். நாட்டுக் குழுவுக்கு ஏற்ற கால்களை உடைய ஒருவர், புட்டிக்கு மூடியாகும் தக்கையை விற்றுக்கொண்டு மாதங்களைக் கழித்தார்! கடைசியில் கழகம் இறங்கி வந்து, 47,500 பவுனுக்கு அவரை ஆர்ஸனல் கழகத்துக்கு மாற்றியது. தாம் வேண்டியது கிடைத்துவிட்டது என்று அவர் வாளாவிருந்திருக்கலாம். ஆனால் தமக்குப் பின் வருபவர்களுக்காக வழக்கைத் தொடர்ந்து நடத்தினார். 1963-ஆம் ஆண்டில் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை இவ்வாறு பிடித்து வைப்பது ஒருவர் தம் தொழிலைச் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார்.

கழகத்தை எதிர்த்து வழக்காடிய ஈஸ்ட்ஹாமைப் பற்றில்லாதவர் என்று சிலர் அப்போது கருதியிருக்கக்கூடும். நான் அப்படிக் கருதவில்லை. அவர் பற்றை அழிக்கவில்லை, கட்டை அவிழ்த்தார். கட்டு அவிழ்ந்த பின்னர்தான் பற்று இன்னது என்று உலகம் காண முடிந்தது.

அப்படிக் காணக் கிடைத்த ஒருவரைப் பற்றி இனிச் சொல்லுகிறேன். இத்தாலி நாட்டின் வடகோடியில், மாஜோரே ஏரிக்கருகில் உள்ள லெஜ்ஜூனோ என்ற சிற்றூரில் 1944-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜிஜி ரிவா. சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். 1963-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், சார்டினியாத் தீவிலுள்ள காலியாரி கழகம் அவரை வாங்கியது. அக்காலத்தில் சார்டினியா என்றால் இத்தாலியின் வடபகுதி மக்களுக்கு ஓர் இளக்காரம். ஆடு மேய்ப்பவர்களும் கொள்ளைக்காரர்களும் வாழும் தீவு என்று பேசுவார்கள். வடநகரத் திடல்களில் அத்தீவின் குழுவை அச்சொற்களால் வைவார்கள். ரிவாவும் விருப்பத்தோடு அங்கே போகவில்லை. ஆனால் போன இடத்தில் மக்கள் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்கள்.

காலியாரி அதற்கு மறு ஆண்டே முதன்முறையாக முதற்பிரிவுக்கு ஏறியது. 1970-ஆம் ஆண்டில் இத்தாலியின் லீக் பட்டத்தை வென்றது. முப்பது ஆட்டங்களில் அக்குழு விட்டுக்கொடுத்த கோல்கள் பதினொன்றே. ரிவா ஒருவர் போட்ட கோல்கள் இருபத்தொன்று. டூரினும் மிலானும் ஆண்டு வந்த நாட்டில் ஏழைத் தீவொன்று முடி சூடிற்று! நாட்டுக் குழுவுக்காக ரிவா 42 ஆட்டங்களில் 35 கோல்கள் போட்டார். அந்நாட்டில் வேறெவரும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. அவ்வாறு ஆடியபோது 1967-இல் ஒரு காலும் 1970-இல் மற்றொரு காலும் முறிந்தன.

வடநாட்டுப் பெருங்கழகங்கள் சும்மா இருக்குமா? முக்கியமாக யுவெண்டஸ் கழகம் மீண்டும் மீண்டும் ஆள் அனுப்பியது. பெரும் பணத்தோடு வேறு ஆட்டக்காரர்களையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லியது. இங்கே ஒரு வேற்றுமையைக் காணுங்கள். ஃபின்னியின் கதையில் போகலாகாது என்று மறுத்தது கழகம். ரிவாவின் கதையில் போகமாட்டேன் என்று மறுத்தவர் ஆட்டக்காரர். இத்தாலியிலும் அக்காலத்தில் ஆட்டக்காரரைக் கழகத்தோடு பிணைக்கும் சட்டம் இருந்தது. 1981-ஆம் ஆண்டில்தான் அதை நீக்க வழி செய்தார்கள். ஆயினும் ரிவாவின் முன் கதவைத் திறந்து வைத்துச் செல்வத்தையும் காட்டினார்கள். அவர் திறந்த கதவைத் தாமே சாத்தினார்.

அதனால் அவருக்கு என்ன கிடைத்தது? மற்றொரு பட்டம் கிடைக்கவில்லை. 1976-ஆம் ஆண்டில் மீண்டும் காயமுற்று ஆட்டத்தை விட்டார். அதே ஆண்டில் காலியாரியும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிற்று. பற்றுக்குப் பரிசு வெற்றிதான் என்று எண்ணி யாரும் பற்றுக் கொள்ள வேண்டா என்பதை இது காட்டுகிறது. ஆனால் அவர் அத்தீவை விட்டுப் போகவில்லை. 2024 ஜனவரியில் மறையும் வரை காலியாரி நகரமே அவருக்கு ஊராக இருந்தது. அவர் அணிந்த 11-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று கழகம் முடிவு செய்தது. ஏரிக்கரையில் பிறந்தவர் தீவின் மகன் ஆனார். பிறந்ததனால் வரும் பற்றைவிடத் தேர்ந்துகொண்டதனால் வரும் பற்று குறைந்ததன்று.

விடுதலை வந்துவிட்டால் எல்லாம் நலமாகிவிடும் என்று நினைத்துவிட வேண்டா. பெல்ஜியம் நாட்டில் லியேஜ் கழகத்தில் ஆடிய ஜான் மார்க் போஸ்மன் என்பவருடைய ஒப்பந்தம் 1990-ஆம் ஆண்டில் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் அவருடைய ஊதியத்தைக் கால் பங்காகக் குறைத்தது கழகம். பிரெஞ்சு நாட்டுக் கழகம் ஒன்று அவரை ஏற்க முன்வந்தும், மாற்றுத் தொகை பற்றிய தகராற்றால் அவர் போக முடியவில்லை. ஐந்து ஆண்டுகள் வழக்காடினார். 1995 டிசம்பர் 15-ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் மாற்றுத் தொகை ஏதுமின்றி விரும்பிய கழகத்துக்குப் போகலாம் என்றாயிற்று. போஸ்மன் பெற்றுத் தந்த உரிமையால் பலர் பெருஞ்செல்வர் ஆனார்கள். அவரோ ஆட்ட வாழ்வை இழந்து பின்னாளில் வறுமையுற்றார்.

அந்தத் தீர்ப்பின் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். ஆலந்து நாட்டின் அயாக்ஸ் கழகம் தான் சிறுவயது முதல் பயிற்றிய இளைஞர்களைக் கொண்டு 1995-ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பட்டத்தை வென்றது. இத்தாலியின் மிலான் கழகத்துக்கு எதிரான அந்த இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலைப் போட்டவர் பதினெட்டு வயதுச் சிறுவர் பாட்ரிக் கிளைவர்ட். 1996-ஆம் ஆண்டில் எட்கர் டேவிட்ஸும் மைக்கேல் ரைஸிகரும், 1997-ஆம் ஆண்டில் கிளைவர்ட்டும் ஒப்பந்தம் முடிந்து வெளியேறினார்கள். மூவரும் சேர்ந்த இடம் எது தெரியுமா? அவர்கள் தோற்கடித்த அதே மிலான் கழகம்! விதை போட்டு நீர் பாய்ச்சியவருக்குக் காசு ஒன்றும் இல்லை. பழம் வேறொருவர் வீட்டுக்குப் போயிற்று. இந்த ஆட்டக்காரர்கள் சட்டத்தை மீறவில்லை. ஆயினும் வளர்த்தவனுக்கு ஒன்றும் மிஞ்சாத அமைப்பு நீண்ட நாள் நிலைக்காது.

இதற்கு ஒரு பரிகாரமும் தேடினார்கள். 2001-ஆம் ஆண்டில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ஒரு விதி செய்தது. ஒப்பந்தக் காலத்துக்குள் ஓர் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு மாறும்போது கைமாறும் தொகையில் நூற்றுக்கு 5 பங்கை, அவருக்குப் பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வயது வரை பயிற்சியளித்த கழகங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு கோடி ரூபாய் கைமாறினால் ஐந்து லட்சம் பழைய கழகங்களுக்குச் சேரும். சிற்றூர்த் திடல் ஒன்றுக்கு அது பெரும் பொருள். ஆட்டக்காரரைக் கட்டிப்போடாமலே வளர்த்தவருக்குரிய கைம்மாற்றைக் கொடுக்கலாம் என்பதை இவ்விதி காட்டுகிறது. நன்றியை ஒருவருடைய நெஞ்சத்துக்கு மட்டும் விட்டுவிடாமல் கணக்கிலும் எழுதி வைத்தார்கள், நல்லதே செய்தார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கல்கத்தா மைதானத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த வழக்கு மிகப் பழக்கமானது. மோகன் பாகான், கிழக்கு வங்காளம், முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெருங்கழகங்கள் அங்கே ஆட்சி செலுத்தின. ஆட்டக்காரர்கள் கழகம் மாறும் பருவம் வந்தால், எதிர்க்கழகத்தார் கண்ணில் படாமலிருக்க ஆட்டக்காரர்களைத் தம் ஆட்களின் வீடுகளில் ஒளித்து வைத்துக் காவல் காப்பதும் அங்கே உண்டு.

அத்தகைய ஊரில் பி. கே. பானர்ஜி 1955-ஆம் ஆண்டு முதல் தம் ஆட்டக் காலம் முடியும் வரை கிழக்கு ரயில்வே குழுவிலேயே ஆடினார். 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆடியவர். 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்தியக் குழுவின் தலைவராக நின்று பிரான்ஸுக்கு எதிராகக் கோல் போட்டவர். 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் தென்கொரியாவை வென்று தங்கம் பெற்ற ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்திலும் கோல் போட்டவர். இத்தகையவர் மூன்று பெருங்கழகங்களில் ஒன்றிலும் ஆடவில்லை. 1958-ஆம் ஆண்டில் கல்கத்தா லீக் பட்டத்தைக் கிழக்கு ரயில்வே வென்றது. அம்மூன்று கழகங்கள் அல்லாத ஒரு குழு அப்பட்டத்தை மறுபடி வெல்ல 2019-ஆம் ஆண்டு வரை, அறுபத்தோர் ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த வெற்றி எத்துணை அரியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவரை நிறுத்தியதும் பற்று மட்டும்தானா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். கால்பந்தை மட்டும் நம்பி ஒருவர் வாழ இயலாத காலம் அது. ரயில்வேயில் வேலை, மாதம் தவறாத சம்பளம், குடும்பத்துக்கு நிலையான சோறு. இதுவும் ஒரு காரணமே. ஆனால் இதனால் அவருடைய பெருமை குறைந்துவிடாது. மனிதருடைய செயலுக்கு ஒரே காரணம் இருப்பது அரிது. நம்மைப் பேணிய நிலையத்தினிடம் நமக்கு உண்டாகும் நன்றியும் பற்றில் ஒரு பகுதிதான்.

அதே காலத்தில் மோகன் பாகானில் சுனி கோஸ்வாமி ஆடினார். 1962-ஆம் ஆண்டின் தங்கக் குழுவுக்குத் தலைவர் அவர். எட்டு வயதுச் சிறுவராக அக்கழகத்தின் இளையோர் பிரிவில் சேர்ந்து, 1954 முதல் 1968 வரை முதற்குழுவில் ஆடி, அங்கேயே ஓய்வு பெற்றார். ஒருவர் பெரிய கழகத்தை விட்டு நீங்கவில்லை. மற்றவர் பெரிய கழகத்துக்குப் போகவில்லை. இருவரும் நாட்டுக்காக ஒன்றாக நின்று ஆடினார்கள். இருவரும் 2020-ஆம் ஆண்டில், ஆறு வார இடைவெளிக்குள், அடுத்தடுத்து மறைந்தார்கள்.

மாணவ நேயர்களே, நம் பழந்தமிழ்ப் புலவர்கள் வள்ளலைத் தேடி ஊர் ஊராகச் சென்றார்கள். ஓர் அரசனைப் பாடியவர் மற்றோர் அரசனையும் பாடினார். அவர்களைப் பற்றற்றவர் என்று எவரும் சொல்லவில்லை. எங்கும் செல்ல உரிமை பெற்றிருந்த அக்கூட்டத்தில் ஒருவரான கபிலர், பறம்பு மலைப் பாரியை அவன் துன்பக் காலத்திலும் விட்டுப் பிரியவில்லை. போகக் கூடியவர் போகவில்லை. அதனால்தான் அது நட்பு என்று பெயர் பெற்றது. பாரி மறைந்த பின் அதே கபிலர் சேர மன்னனைப் பாடினார். அதற்காகத் தமிழுலகம் அவரைக் குறை சொல்லவில்லை. விடுதலையும் பற்றும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆகவே, இனி ஓர் ஆட்டக்காரர் கழகம் மாறினார் என்ற செய்தி வரும்போது சட்டென்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, அவருக்குக் கதவு திறந்திருந்ததா? திறந்திராவிட்டால் அவர் நின்றதைக் கொண்டு அவரைப் புகழவும் வேண்டா. வெளியேறப் போராடியதைக் கொண்டு இகழவும் வேண்டா. இரண்டாவது, கழகம் அவருக்கு என்ன செய்தது? கால் முறிந்தபோது உடனிருந்ததா, வயது ஏறியவுடன் கைவிட்டதா? ஆட்டக்காரரிடம் பற்றை எதிர்பார்க்கும் கழகம் தன் பற்றையும் காட்ட வேண்டும். ஒரு கை தட்டினால் ஓசை எழாது. மூன்றாவது, அவர் போனால் எப்படிப் போனார்? தமக்குப் பயிற்சியளித்த சிறு திடலுக்கு உரியதைக் கொடுத்துவிட்டுப் போனாரா? போன இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தாரா?

இந்தக் கேள்விகள் பந்தாட்டத் திடலோடு நின்றுவிடுவன அல்ல. உங்களில் பலர் படிப்பு முடிந்ததும் சிற்றூரை விட்டுப் பெருநகரம் செல்வீர்கள். சிலர் கடல் கடந்தும் செல்வீர்கள். செல்லுங்கள், யாரும் உங்களைக் கட்டிப்போட உரிமையில்லை. ஆனால் உங்களுக்கு முதன்முதலில் எழுத்தறிவித்த பள்ளியின் கூரை இன்று எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் சென்று பாருங்கள். உங்களில் சிலர், போகக் கூடிய ஆற்றல் இருந்தும், ஊரிலேயே நின்று அந்தப் பள்ளியில் ஆசிரியராகக்கூடும். பெரிய இடத்துக்குப் போகத் தெரியாதவர் என்று அவரை எண்ணிவிடாதீர்கள்.